ஒன்றரை மில்லிமீட்டர்ல ஒரு பல்பு

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் வரலை. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு நினைச்சிருந்தீங்கன்னா அது பாதி உண்மை. மீதிப் பாதி, ராத்திரி பத்து மணிக்கு மேல லென்ஸை மாட்டிக்கிட்டு, அரிசிக் குருணையை விடச் சின்னதா ஒரு சாமானை ட்வீசர்ல பிடிக்க, அது டிங்குனு தெறிச்சு எங்கேயோ போய் விழ, செல்போன் டார்ச்சை அடிச்சுக்கிட்டுத் தரையில தவழ்ந்து தேடினது. வீட்ல இருக்கறவங்க இதைப் பத்திக் கருத்து சொல்றதை நிறுத்தி ரொம்ப நாளாச்சு.

பழைய ஆளுங்களுக்கு என் ரயில் பைத்தியம் தெரியும். புதுசா வந்தவங்களுக்குச் சின்னதா ஒரு அறிமுகம். நான் மாடல் ரயில் இன்ஜின் செய்யறவன். முழு இன்ஜினும் இல்லை, அந்த அளவுக்குத் திறமை கிடையாது. இன்ஜின் மேல ஒட்டுற குட்டிக் குட்டி சாமான்கள் இருக்கு பாருங்க, கைப்பிடிக் கம்பி, ஹாரன், ஹோஸ் பைப், படிக்கட்டு, மண் குழாய், அதெல்லாம்தான் நம்ம ஏரியா. வெளிநாட்டு இன்ஜின்களுக்கு இதெல்லாம் பாக்கெட் போட்டு விக்கிறாங்க. நம்ம ஊர் டபிள்யூடிஎம்-2 மாதிரி வண்டிக்கு அந்த வசதி இல்லை. வேணும்னா நாமதான் செஞ்சுக்கணும்.

டபிள்யூடிஎம்-2ன்னா சட்டுனு புரியாது. மின்சார இன்ஜின் வர்றதுக்கு முன்னாடி திருச்சி, மதுரை பக்கமெல்லாம் ரயில்ல போனவங்களுக்கு, முன்னாடி கரும்புகையைக் கக்கிக்கிட்டு, நின்னா கூட "டுக்குடுக்குடுக்கு"ன்னு உறுமிக்கிட்டே இருக்குமே, அந்த டீசல் இன்ஜின்னா புரிஞ்சிடும். அமெரிக்காவோட ஆல்கோ கம்பெனி டிசைன், 16 சிலிண்டர், 2600 குதிரைசக்தி. 1962ல அங்கிருந்து இறக்குமதி ஆச்சு. 1964ல இருந்து வாரணாசி டீசல் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ்லயே செய்ய ஆரம்பிச்சாங்க (2020ல அந்தத் தொழிற்சாலைக்குப் பனாரஸ் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ்னு பேர் மாத்திட்டாங்க).

நான் வேலை செய்யற அளவு ஹெச்ஓ. அதாவது அசல்ல 87 மில்லிமீட்டர் இருந்தா மாடல்ல 1 மில்லிமீட்டர். ஒரு ஆள் ரெண்டு செ.மீ கூட இருக்க மாட்டார். 30 மி.மீ தடிமன் உள்ள ஒரு குழாய் 0.34 மி.மீ ஆயிடும். பிரேக் ஹோஸ் முனையில இருக்கற காக்கோட கைப்பிடி ஒன்றரை மி.மீ வந்தா பெரிய விஷயம்.

அந்த ஒன்றரை மி.மீ கைப்பிடியிலதான் பல்பு வாங்கினேன்.

கொசுவத்தியைச் சுத்திக்கோங்க. போன பொங்கலுக்குத் திருச்சி. என் பெரியப்பா பொன்மலை டீசல் ஷெட்ல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். ஆல்கோ இன்ஜின் அடியில படுத்தே முப்பது வருஷம் ஓட்டினவர். அவர்கிட்ட காட்டி அசத்தலாம்னு, பாதி முடிஞ்ச மாடலை டப்பால பஞ்சு வெச்சுப் பத்திரமா எடுத்துட்டுப் போனேன். மூணு வாரம் உட்கார்ந்து கம்ப்யூட்டர்ல வரைஞ்சு, நண்பன் வீட்டு ரெசின் பிரின்டர்ல எடுத்த ஹோஸ் பைப்புங்க. அதுல ஆங்கிள் காக், காக்குக்குக் கைப்பிடி, கைப்பிடி முனையில சின்னதா ஒரு வளைவு. எனக்கே என் மேல மரியாதை வந்த நேரம் அது.

பெரியப்பா லென்ஸ் கேட்டார். குடுத்தேன். ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசலை. அப்புறம்,

"டேய், இது தனி இன்ஜினா நிக்குதா, வண்டி மாட்டியிருக்கா?"

"தனியாதான் பெரியப்பா நிக்குது."

"அப்ப காக்கு எல்லாம் ஏன் திறந்து கெடக்கு?"

நான் ஙேன்னு முழிச்சேன். திறந்திருக்கா? நான் எங்க திறந்தேன், பிளாஸ்டிக்தானே?

விஷயம் இதுதான். ஆங்கிள் காக் கைப்பிடி குழாயோட நேர் வாக்கில இருந்தா திறந்திருக்குன்னு அர்த்தம். குறுக்கே இருந்தா மூடியிருக்கு. நான் செஞ்ச அத்தனை காக்கையும் (பறவை இல்லீங்க) நேர் வாக்கில வெச்சிருந்தேன். பார்த்து வரைஞ்ச போட்டோவுல அப்படித்தான் இருந்துச்சு. அந்த போட்டோவுல இன்ஜினுக்குப் பக்கத்துல பெட்டி மாட்டியிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. எனக்கு வேண்டியது வடிவம். வடிவத்தை மட்டும் உருவிட்டு வந்துட்டேன்.

காக் திறந்தா என்னன்னு கேட்டா, அங்கதான் முழு பிரேக்கும் இருக்கு. ரயில் பிரேக் நம்ம பைக் மாதிரி அழுத்தினா பிடிக்கிற சமாச்சாரம் இல்லை. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1870கள்ல கொண்டு வந்த தத்துவம்: பிரேக் பைப்ல காத்து அழுத்தம் இருக்கற வரைக்கும் பிரேக் விட்டிருக்கும், அழுத்தம் குறைஞ்சா பிரேக் பிடிக்கும். நம்ம ஊர்ல அந்த அழுத்தம் சதுர செ.மீக்கு 5 கிலோ. வண்டி ரெண்டா அறுந்து போனா ஹோஸ் பிடுங்கிக்கும், காத்து வெளியே போகும், ரெண்டு பாதியும் தானா நிக்கும். அழகான யோசனை. அப்படின்னா, முன்னாடி எதுவுமே மாட்டாம காக்கை மட்டும் திறந்து விட்ட என் இன்ஜின்ல காத்து புஸ்ஸுனு போய்க்கிட்டே இருக்கும். அழுத்தம் ஏறவே ஏறாது. பிரேக் விடாது.

"இந்த வண்டி இந்த ஜென்மத்துல நகராதுடா" என்று சொல்லிட்டு லென்ஸைத் திருப்பிக் குடுத்தார். திட்டலை, சிரிக்கலை. ஷெட்ல ஒரு வண்டிக்குக் குறிப்பு எழுதற மாதிரி சொன்னார். அதான் ரொம்பக் குத்துச்சு.

சரி, மேட்டருக்கு வருவோம். இதை ஒரு காமெடியாச் சொல்லி முடிச்சிருக்கலாம். ஆனா திரும்பி வர்ற பஸ்ல யோசிக்க யோசிக்க ஒரு கருத்து கெட்டியாச்சு. அதை இங்க போட்டு வெக்கிறேன். ஒத்துக்காதவங்க பின்னூட்டத்துல கும்மலாம்.

ஒரு சாமான் என்ன வேலை செய்யுதுன்னு தெரியாம அதோட வடிவத்தைச் செய்யக் கூடாது.

இது என்ன பெரிய கண்டுபிடிப்பான்னு கேப்பீங்க. ஆனா நம்ம பொழப்பையே பாருங்க. எங்கேயோ இருந்து நாலு வரி கோடை எடுத்து ஒட்டறோம், ஓடுது, விட்டுடறோம். ஆறு மாசம் கழிச்சு உடையும்போதுதான் அந்த நாலு வரி என்ன பண்ணுச்சுன்னு படிக்கிறோம். கோடாவது உடைஞ்சு காட்டிக் குடுத்துடும். மாடல் உடையாது. தப்பான காக்கோட ஷெல்ஃப்ல அழகா நிக்கும். பார்க்கறவங்க எல்லாம் "சூப்பரு"ம்பாங்க. தப்பு அங்கேயே இருக்கும்.

இப்ப ரெசின் பிரின்டர் வந்து இது இன்னும் மோசமாயிடுச்சு. ஒரு படி 0.05 மி.மீன்னு வெச்சாலும் அசல் அளவுல நாலு மி.மீ சொச்சம்தான். போல்ட் தலை வரைக்கும் அச்சு அசலா வரும். இவ்வளவு துல்லியமா வந்தா சரியாத்தான் இருக்கும்னு மனசு நம்பிடுது. துல்லியம் வேற, சரி வேற. நான் ரொம்பத் துல்லியமாத் தப்பு பண்ணியிருந்தேன்.

பொங்கலுக்கு அப்புறம் நான் பழகிக்கிட்ட ஒரு முறை சொல்றேன். எந்த சாமானை வரையறதுக்கு முன்னாடியும் நோட்டுல மூணு கேள்விக்குப் பதில் எழுதிடுவேன். இது என்ன வேலை செய்யுது? எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது? யார், எப்ப தொடுவாங்க? பதில் தெரியலைன்னா கம்ப்யூட்டரைத் திறக்கறதே இல்லை.

இந்த மூணு கேள்வி என்ன பண்ணுதுன்னு சில உதாரணம்.

முதல்ல அதே ஹோஸ் பைப். எல்லாத்தையும் ஒரே கறுப்பு பெயின்ட்ல முக்கி எடுத்திருந்தேன். வேலை என்னன்னு கேட்டதும்தான், பிரேக் பைப் வேற, ஃபீட் பைப் வேற, ரெண்டுலயும் அழுத்தம் வேறன்னு தெரிஞ்சுது. ஒண்ணுல 5 கிலோ, இன்னொண்ணுல 6 கிலோ. மாத்தி மாட்டிடக் கூடாதுன்னுதான் பிரேக் பைப்புக்குப் பச்சை, ஃபீட் பைப்புக்கு வெள்ளைன்னு அடையாளம் வெச்சிருக்காங்க. ஊசி முனையில ஒரு பொட்டு பச்சை, ஒரு பொட்டு வெள்ளை. வெச்சதும் அந்த முகமே மாறிடுச்சு. தனித்தனியாத் தெரியாது, ஆனா வண்டி திடீர்னு நிஜம் ஆயிடும்.

அடுத்தது வேக்குவம் பைப். பழைய வண்டிங்க காத்தழுத்த பிரேக் இல்லாம வெற்றிட பிரேக்ல ஓடினது. அதோட ஹோஸ் தடியா, வரிவரியா இருக்கும். (டிப்ஸ்: கிட்டாரோட சுத்துக் கம்பி அச்சு அசல் இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். அறுந்த கம்பியை யாராவது தூக்கிப் போட்டா வாங்கிக்கோங்க.) இதைச் சும்மா தொங்க விடறது நிறைய மாடல்ல பார்த்திருக்கேன். நானும் விட்டிருக்கேன். ஆனா வெற்றிடம்னா என்ன? உள்ளே காத்தை உறிஞ்சி எடுக்கணும். முனை திறந்து தொங்கினா வெளிக்காத்து உள்ளே போகும், வெற்றிடமே உண்டாகாது. அதனால மாட்டாத முனையைப் பக்கத்துல இருக்கற டம்மி மேல அழுத்தி உட்கார வெச்சிருப்பாங்க. அந்த டம்மி மாடல்ல ஒரு கடுகு. ஆனா அது இல்லாம அந்த ஹோஸுக்கு அர்த்தமே இல்லை. இன்னொண்ணு, எந்த ஹோஸ் இருக்கு, எது இல்லைங்கறதை வெச்சே அந்த வண்டி எந்தக் காலத்துல நிக்குதுன்னு சொல்லிடலாம். காலண்டர் மாதிரி.

மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, மண் குழாய். சக்கரம் வழுக்காம இருக்க, தண்டவாளமும் சக்கரமும் தொடற இடத்துல காய்ஞ்ச மணலைக் காத்தால ஊதுவாங்க. இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. நம்ம அகலப் பாதை 1676 மி.மீ. 87ஆல வகுத்தா 19.3 மி.மீ வரணும். ஆனா ஹெச்ஓ தண்டவாளம் 16.5 மி.மீதான், அது வெளிநாட்டு 1435 மி.மீ பாதைக்காக வந்த அளவு. நான் போட்டிருக்கற அடிச்சட்டமும் ஒரு பழைய அமெரிக்க ஆறு அச்சு மாடலோடது. ஆக என் வண்டியோட உடம்பு சரியான அளவு, கால் மட்டும் ரெண்டு பக்கமும் 1.4 மி.மீ உள்ளே தள்ளி இருக்கு. அசல் அளவுப்படி மண் குழாயைச் செஞ்சா அது தண்டவாளத்துக்கு வெளியே ஜல்லி மேல மணலைக் கொட்டும்!

வெர்னியர் சொல்றதைக் கேக்கறதா, வேலை சொல்றதைக் கேக்கறதா? நான் குழாயை 1.4 மி.மீ உள்பக்கமா வளைச்சு, முனையைச் சக்கரத்தடியிலயே கொண்டு போய் வெச்சேன். அளவுப்படி பார்த்தா அது தப்பான சாமான். ஆனா பார்க்கற யாருக்கும் அது மண் குழாய்னு புரியும். அளவுல பொய் சொல்லலாம், ஆனா எதுக்காகச் சொல்றோம்னு தெரிஞ்சு சொல்லணும். அதைத் தெரிஞ்சுக்கவும் அந்த முதல் கேள்விதான் வழி.

எந்தப் பொருள்ல செய்யறதுங்கறதும் இதுலயே முடிவாயிடுது. கைப்பிடிக் கம்பி ஆள் தொங்கற இடம், அசல்ல இரும்பு. அதை 0.34 மி.மீ ரெசின்ல எடுத்தா தும்மினா உடையும். கிட்டாரோட மெல்லிய எஃகுக் கம்பி 0.25 மி.மீ, பித்தளைக் கம்பி 0.4 மி.மீ, ரெண்டுல ஒண்ணைப் போட்டா ஜென்மத்துக்கும் நிக்கும். மெல்லிசா, ஓட்டை ஓட்டையா இருக்கற வலைத் தகடுக்குப் பித்தளையை அரிக்கறதுதான் சரி. காலேஜ் லேப்ல ஃபெரிக் குளோரைடுல பிசிபி அரிச்சு சட்டையைக் கறையாக்கிக்கிட்டோமே, அதே வித்தைதான். உருண்டு திரண்ட ஹாரன், காக், விளக்கு மாதிரி சாமான்தான் ரெசினுக்கு. குட்டிக் குழாய்க்கு இன்சுலின் ஊசி. 31 கேஜ்னா வெளி விட்டம் 0.26 மி.மீ. கையில குத்திக்காம வெட்டுங்க, சொன்னா கேக்க மாட்டீங்க. தட்டையான பிளாஸ்டிக் வேணும்னா பழைய ஐடி கார்டு, 0.76 மி.மீ. (வேலையை விட்ட கம்பெனிக் கார்டைத் திருப்பிக் குடுத்துடுங்க, வேற கார்டு தேடுங்க!)

மூணாவது கேள்வி, யார் தொடுவாங்க? இது பெயின்ட் அடிக்கும்போது கை குடுக்கும். டிரைவர் ஏறும்போது பிடிக்கிற கம்பியில பெயின்ட் தேஞ்சு பளபளப்பு ஏறியிருக்கும். யாரும் தொடாத கம்பியில தூசி இருக்கும். 5000 லிட்டர் டீசல் டேங்க்ல எண்ணெய் ஊத்தற வாய்க்குக் கீழ மட்டும் வழிஞ்ச கறை இருக்கும். முழு வண்டிக்கும் ஒரே மாதிரி அழுக்கு அடிச்சு விடறது அழுக்கு இல்லை, மேக்கப்.

இப்ப எதிர்க்கட்சிக்கு வரேன். ரெண்டு கோஷ்டி இருக்கு.

ஒரு கோஷ்டி, "மூணு அடி தூரத்துல இருந்து பார்த்தா நல்லா இருந்தாப் போதும், இது பொம்மை"ம்பாங்க. நியாயமான பேச்சு, நான் மறுக்கலை. ஓட்டறதுக்கு வண்டி வெச்சிருக்கறவங்க எல்லாத்தையும் இப்படிச் செஞ்சா கண்ணு போயிடும். அவங்களுக்கு நான் சொல்றது: கம்மியாச் செய்யுங்க, தப்பாச் செய்யாதீங்க. தெரியாத சாமானை விட்டுடுங்க. வெறும் பஃபர் பீம் பொய் சொல்லாது. என்னன்னு தெரியாம ஒட்டின சாமான்தான் பொய் சொல்லும்.

இன்னொரு கோஷ்டி ரிவெட் எண்ணுறவங்க. நேத்து வரைக்கும் நான் அந்தக் கட்சி. இந்தப் பக்கம் 41 இருக்கு, அசல்ல 42ன்னு சண்டை போடுவோம். அந்த ரிவெட் எதை எதோட பிடிச்சிருக்குன்னு கேட்டா தெரியாது. எண்ணிக்கை சரியா இருந்தா எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஒரு மிதப்பு. பொங்கலன்னிக்கு அது இறங்கிடுச்சு.

இதுல எனக்கு உண்மையான கவலை ஒண்ணு இருக்கு. வடிவத்துக்குப் பஞ்சம் இல்லை. ஆல்கோ இன்ஜின் போட்டோ ஆயிரக்கணக்குல கிடைக்கும், வரைபடமும் தேடினாக் கிடைக்கும். பாதையெல்லாம் மின்மயம் ஆன பிறகு இந்த வண்டிங்க பெரும்பாலும் கழிஞ்சு, வெட்டி எடைக்குப் போயாச்சு. ஒண்ணு ரெண்டு மியூசியத்துல பெயின்ட் அடிச்சு நிக்கும். அங்க நிக்கிற வண்டியில காக் எந்தப் பக்கம் இருந்தா என்ன, அதுல காத்தே இல்லையே. "திறந்து கெடக்கு"ன்னு ஒரே பார்வையில சொல்றது போட்டோவுல கிடையாது. அது அந்தக் காக்கை ஆயிரம் தடவை திருப்பின கையிலதான் இருக்கு. அந்தக் கைகளுக்கு இப்ப எழுபது வயசு.

பெரியப்பாகிட்ட இத்தனை வருஷத்துல நான் ஒரு தடவை கூட வேலையைப் பத்திக் கேட்டதில்லை. ரயில் பைத்தியம்னு பேர் வாங்கினவன், வீட்டுக்குள்ளேயே முப்பது வருஷ ஷெட் ஃபிட்டரை வெச்சுக்கிட்டு, ராத்திரி முழுக்க நெட்ல போட்டோ தேடிக்கிட்டு இருந்திருக்கேன். அவருக்கும் சொல்லணும்னு தோணலை. யார் கேட்டா? அவரைப் பொறுத்த வரைக்கும் அது கையெல்லாம் எண்ணெய் ஆகற வேலை, அவ்வளவுதான்.

இப்ப ஞாயித்துக்கிழமை காலையில போன் போட்டுடறேன். ஒரு வாரத்துக்கு ஒரு சாமான். அவர் சொல்லச் சொல்ல நோட்டுல எழுதிக்கறேன். சாமானோட ஃபைலை நண்பர்களுக்குக் குடுக்கும்போது அந்தக் குறிப்பையும் சேர்த்துத்தான் குடுக்கறேன்: இது என்ன, எங்க போகுது, எப்ப திறக்கணும், எப்ப மூடணும். குறிப்பு இல்லாம ஃபைல் மட்டும் வேணும்னு கேக்கறவங்களுக்குக் குடுக்கறதில்லை. கொஞ்சம் ஓவர்தான், தெரியும்.

காக்குங்க கதை? எல்லாக் கைப்பிடியையும் பிளேடால வெட்டி எடுத்து, 90 டிகிரி திருப்பி, ஃபெவிக்விக் வெச்சு ஒட்டினேன். ரெண்டு தெறிச்சுப் போச்சு, இன்னும் கிடைக்கலை. புதுசா எடுத்தேன். போட்டோ எடுத்து வாட்ஸப்ல பெரியப்பாவுக்கு அனுப்பினேன். பெரிசு பண்ணிப் பார்த்துட்டுப் போன் பண்ணினார்.

"இப்ப சரி. கை பிரேக்கை எடுத்துட்டியா?"

கை பிரேக் சக்கரத்துக்கு அடுத்த வாரம் நோட்டு போடணும்.

உங்க வீட்லயோ தெருவுலயோ ரயில்வேயில, பஸ் டெப்போல, மில்லுல, அச்சகத்துல வேலை பார்த்த பெரியவங்க யாராவது இருந்தா, இந்த வாரம் ஒரே ஒரு சாமானைப் பத்திக் கேட்டுப் பாருங்க. "எப்படி இருந்துச்சு"ன்னு கேக்காதீங்க. "அது என்ன பண்ணும்"னு கேளுங்க. பதில் வேற மாதிரி வரும்.

டிஸ்கி 1: இன்சுலின் ஊசி புதுசா வாங்கினதுதான். யாரும் பயப்பட வேண்டாம்.

டிஸ்கி 2: ரெசின் வேலை செய்யறவங்க கையுறை போடுங்க, ஜன்னலைத் திறந்து வையுங்க. கையில பட்டா அரிக்கும். இது அனுபவஸ்தன் வாக்கு :-)

டிஸ்கி 3: தொலைஞ்ச ரெண்டு கைப்பிடியும் ஒவ்வொண்ணும் ஒன்றரை மில்லிமீட்டர், கறுப்பு நிறம். எங்க வீட்டுக்கு வர்றவங்க பார்த்து நடக்கவும்.